பாக்கி

உலகம் இருபத்தொன்றாம் தேதி முடிகிறது என்று
ஆயிரம் நோட்டீஸ் கேட்டார்.
ரோஸ் பேப்பர், ஒரு பக்கம்.
அட்வான்ஸ் ஐந்நூறு.
மிச்சத்தை இருபத்தைந்தாம் தேதி
எஸ்டேட்டில் சம்பளம் போட்டதும் தருகிறேன் என்றார்.
நான் சிரிக்கவில்லை.
கோரிமேட்டில் கடன் சொல்லாத ஆள் ஏது?
அதிலும் இவர் நாகலூர் யோபு,
காப்பிக்கொட்டையை எண்ணிக் கணக்கெழுதுகிறவர்.

ப்ரூஃப் பார்க்கும்போது
வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி போட்டார்கள்.
கண்ணாடி அதிர்ந்தது. மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார்.
'ஒன்னுமில்லைங்க, நாலு மணி வெடி.'
கூச்சத்தோடு மறுபடி குனிந்து
'நியாயத்தீர்ப்பு'க்கு விட்டுப்போன ஒற்றைப் போட்டார்.

அப்பா எதை அடித்தாலும் ஒரு காப்பி எடுத்து வைப்பார்.
இரும்பு பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க
முடியாமல் போன உலகங்கள்.
எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடிய வருஷத்துக்கு
சாந்தி ஹோம ரசீதுப் புத்தகம்.
ஸ்கைலாப் விழுவதற்குள்
பழைய கடனைத் தீர்த்துவிடும்படி
லீ பஜார் மளிகைக்கடை ஒன்று அடித்த அட்டை.
இரண்டாயிரத்துக்கு இரண்டு சபைகள், பச்சை மை,
தேதியில் மட்டும் பத்து நாள் சண்டை.
கல்கி ஏறிவரும் குதிரையின் பிளாக்
அடித்து அடித்துக் கழுதையாகியிருந்தது,
இன்னும் இரண்டு பிரளயம் போனால் கட்டெறும்பு.

கல்லூரிப் பேராசிரியை ஒருத்தி மட்டும்
போன சித்திரையில் வெயில் கணக்கோடு வந்தாள்.
மலையில் பூமழை தப்பிப்போய்
காப்பி கண்ட மாதத்தில் பூக்கிறது என்று எழுதியிருந்தாள்.
தலைப்பில் நானே சேர்த்த 'முடிவு' என்ற சொல்லை
எடுத்துவிடச் சொன்னாள்.
அவளுடைய காப்பியைக் கீழ்த்தட்டில் வைக்க மனம் வரவில்லை.
மேசையிலேயே கிடக்கிறது.

எனக்குத் தெரிந்தது தாள் மடிப்பதும் பின் அடிப்பதும்.
நடுப்பக்கமாக இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்?
பின் அங்கேதான் வந்து மடங்குகிறது.
முன்னால் பதினாறு, பின்னால் பதினாறு,
எதற்கும் நீ காரணமில்லை.
கடைசிப் பக்கம் என்றால் ஒரு மரியாதை.
'முற்றும்' போட்டுக் கீழே
சின்னதாகப் பூ ஒன்று வைப்போம்.

ஆனால் சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று
வாய் வரவில்லை.
தாது வருஷப் பஞ்சத்தில்
இதே ரோட்டோரம் விழுந்தவர்களுக்கு
முடிந்துதான் போனது.
அதற்கு நோட்டீஸ் அடிக்க ஆளில்லை.

ராத்திரி பிளேட் போடும்போது கை நின்றது.
ஜனவரி இருபத்தொன்று.
இந்தத் தேதியை எங்கேயோ டைப் செய்திருக்கிறேன்.
கம்ப்யூட்டரில் தேடினேன்.
கண்ணீர் அஞ்சலி. கறுப்பு வெள்ளை, இருபத்தைந்து காப்பி.
திருமதி சலேத்தம்மாள் யோபு.
தோற்றம், மறைவு.
மறைவுக்கு எதிரே, போன வருஷத்து இருபத்தொன்று.
அன்றைக்கு முழுப் பணமும்
கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

தேதியை மாற்றலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.
மாற்றவில்லை.
ஆயிரமும் அடித்து,
ஏற்காடு கடைசி பஸ்ஸில் கட்டி ஏற்றினேன்.

இருபத்தொன்று அன்று பனிகூட இல்லை.
நாலு மணி வெடி நாலேகாலுக்குப் போட்டார்கள்.
அந்தக் கால் மணி நேரம் நான் வேலை பார்க்கவில்லை.

இருபத்தாறாம் தேதி வந்தார்.
பாக்கிப் பணம், ஒரு பொட்டலம் மிளகு,
கொடுக்காமல் மிஞ்சிய அறுநூற்று நாற்பது நோட்டீஸ்.
'பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு,
எஸ்டேட்டுக்குக் கூலிச் சீட்டு தீர்ந்துபோச்சு.
புக் கட்டித் தர முடியுமாம்மா?'
'நம்பர் எதுல இருந்து போட?'
வாசலில் ஒரு பஸ் கியர் மாற்றி
மலைக்குத் திரும்பும் வரை பேசவில்லை.
'ஒன்னுல இருந்தே போடுங்க.'

முதல் இரண்டு நம்பர் மங்கலாகத்தான் விழுந்தது.
மிஷின் எப்போதும் அப்படித்தான்.